இடது கைக்கான கட்டளைகள்

என் கையை நீ எப்போது பார்த்தாய்? காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள், அந்தக் காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிவிட்டது.

இன்று திங்கள். என் மேசைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. நம் சின்ன அலுவலகத்தைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போவதாக நீ இருக்கும்போதே பேச்சு இருந்ததே, வாங்கிவிட்டார்கள். நாளை எல்லோருக்கும் தேர்வு. மூன்று மணி நேரத்தில் ஒரு தொழிற்கூடத்தின் வரைபடத்தைத் திரையில் போட்டு முடிக்க வேண்டும். முடிக்காதவர்களுக்குப் புது இடத்தில் வேலை இல்லை. நாற்பத்தெட்டு வயதில் வேறு யாராவது கூப்பிட்டு வேலை தருவார்கள் என்று நம்புகிற ஆள் நான் இல்லை.

கொஞ்சம் பழகிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். படத்தைப் பெரிதாக்க, வழக்கம்போல் 'ஆர்' எழுத்தை இரண்டு முறை தட்டினேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது திரை. 'எஃப்' இரண்டு முறை. இல்லை. 'வி' இரண்டு முறை. இல்லை. பன்னிரண்டு வருடமாகத் தட்டிக்கொண்டிருப்பவை.

சிஸ்டம்ஸ் ஸ்ரீனிவாஸைக் கூப்பிட்டேன். சித்தூர்க்காரன், தமிழ் பேசுவான்.

"மேடம், இந்த ஷார்ட்கட் எந்த வெர்ஷன்லயும் கிடையாதே."

"விளையாடாதே. நான் கத்துக்கிட்டதே இதைத்தான்."

"அப்போ உங்க பழைய மெஷின்ல யாரோ மாத்தி வெச்சிருக்காங்க."

பழைய மெஷினில் குறுக்குவிசைகள் எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தான். அதன் அடியில் இருபது வரிகள் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேலே, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்: மேடம் இடது கை. யாரும் அழிக்காதீங்க.

அவன் திரும்பி என் கையைப் பார்த்தான். நான் மடியில் இழுத்துக்கொண்டேன்.

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் கான்கிரீட் கட்டி விழுந்து நசுங்கியதிலிருந்து என் இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குவதில்லை. வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. பெண் இன்ஜினியர் என்றால் சைட்டுக்குப் போவாளா என்று கேட்கிற இடத்தில் அதையும் எதற்குச் சேர்த்துக் கொடுப்பது? நடக்கும்போது அந்தக் கையில் எப்போதும் ஒரு ஃபைல் இருக்கும். உட்கார்ந்தால் முந்தானை.

ஜீடிமெட்லா தொழிற்பேட்டை மருந்துக் கம்பெனிகளுக்குக் கட்டடம் வரைந்து கொடுத்த அந்த நாட்களில், டிராயிங் போர்டுகளைத் தூக்கிவிட்டு நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின் கொடுத்தார்கள். நான் எம்.டெக்., நீ டிப்ளமா. ஆனால் கற்றுத் தந்தது நீ. "வலது கை மௌஸை விடக்கூடாது, இடது கை கீபோர்டை விடக்கூடாது. அவ்ளோதான் மேடம் மேட்டரு." முதல் வாரம் நான் திணறினேன். இரண்டாவது வாரம் சுலபமாகிவிட்டது. எனக்குப் படிப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரில் குறுக்குவிசைகளின் அட்டவணை ஒன்று தொங்கியது. "பெரிதாக்க 'இஸட்' என்று போட்டிருக்கிறதே?" என்று ஒருநாள் கேட்டேன். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அது பழைய வெர்ஷன் மேடம். அத்தப் பாக்கவே நக்கோ." வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் நக்கோ உன் தமிழிலும் ஒட்டியிருந்தது. சிமென்ட் மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைக்கூட நம்பாமல் சோதித்துப் பார்ப்பவள் நான். இதை மட்டும் நம்பினேன்.

புது மெஷின் வரும்போதெல்லாம் முதலில் நீதான் உட்காருவாய். "பத்து நிமிசம் மேடம், பழக்கிக் குடுத்துடறேன்." ஒருமுறை மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது, என்னைக் கேட்காமல் என் நாற்காலியில் இருந்தாய். எல்லோர் முன்னாலும் கத்தினேன். "என் ஃபைலில் உனக்கு என்ன வேலை? வேவு பார்க்கிறாயா?" உன் முகம் கறுத்தது. "ஹவ் மேடம், ஆமா, தப்புதான்" என்று எழுந்து போனாய். அன்று மாலை திருமுல்கேரி பஸ்ஸுக்கு நீ தனியாகவே நடந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையா? அல்லது என்மேல் கோபமா? தெரியவில்லை.

இன்று அந்த இருபது வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விசைப்பலகையின் இடது ஓரத்து எழுத்துகள், அந்த இரண்டு விரல்களும் போகவேண்டிய எழுத்துகள், ஒன்றுகூட இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் எட்டுகிற எழுத்துகள். உட்கார்ந்து என் கையை அளந்திருக்கிறாய். நான் ஒளித்துவைத்திருந்த கையை.

ஸ்ரீனிவாஸ் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். "ஆனா நாளைக்கு வெளியிலேர்ந்து எதையும் போட விடமாட்டாங்க மேடம். காரணம் சொல்லிக் கேக்கணும்" என்றான். இதை எழுதும்போது அது கைப்பையில் இருக்கிறது. கேட்பேனா என்று தெரியவில்லை.

செவ்வாய்.

தேர்வில் முதல் பதினைந்து நிமிடம் சுவர் அட்டவணைப்படி தட்டிப் பார்த்தேன். படத்தில் ஒரு சுவர்கூட முடியவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையைத் தூக்கிக் கூப்பிட்டேன், இடது கையை. "இந்த ரெண்டு விரலும் மடங்காது. எனக்குன்னு ஒரு ஷார்ட்கட் ஃபைல் இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் விரல்களைப் பார்த்தாள். "ஓகே மேம், லோட் பண்ணிக்கோங்க. போகும்போது டெலீட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். மொத்தம் அரை நிமிடம். இருபத்தைந்து வருடம் நான் மறைத்தது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

படத்தைப் பத்து நிமிடம் மீதமிருக்கும்போதே முடித்தேன். மாலையில் ஒட்டிய, தேறியவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது.

தேர்வு முடிந்து மேசையிலிருந்து எழுந்திருக்குமுன், சொன்னபடி கோப்பை அழித்திருந்தேன். அழித்த பிறகும் விரல்கள் ஒருமுறை 'ஆர்' 'ஆர்' என்று தட்டிவிட்டன. அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது திரை.