மிஷின் கண்ணாடியில் அறுத்த நாக்கு

மச்சான்,

சுனாமி வந்ததே, அதற்கு மறு மழைக்காலம். ஆரணி ஆறு ரெண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. நீ செத்தது அந்த வருஷம். எனக்குத் தேதி தெரியாது, எழுத்தும் வராது. ஆனால் அந்த வாரம் எந்தெந்தக் கிழமை மழை பெய்தது என்று இன்றைக்கும் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

கொடுவா மீன் பிடிக்கத் தூண்டிலில் கட்டி இழுக்க நீ செய்த கட்டை மீன் ஒன்று என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நேற்று நம்ம சூப்பர்வைசர் சாவுக்குப் போய்வந்து சட்டையை மாட்டும்போது அதன் நாக்கு என் விரலைக் கீறியது. சாவு வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டிருந்தேன். 'தொழிலாளர்களின் தோழர்' என்று படித்தார்கள். கொண்டுபோன மாலையைப் போடாமலே திரும்பிவிட்டேன்.

கல்யாண முருங்கைக் கட்டையை மீனாகச் செதுக்க யாராலும் முடியும். தாடைக்குக் கீழே நாக்கு வைப்பதில்தான் உன் கை தெரியும். பிளேடால் ஒரு வெட்டு, அதில் தகட்டைச் செருகிப் பசை. இழுக்கும்போது தண்ணீர் அந்த நாக்கில் மோதினால்தான் மீன் தலையைக் குனிந்து அடியில் போகும். நீளமாகப் படுக்கவைத்தால் ஆழம், குட்டையாக நிமிர்த்தினால் மேலாக. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனித் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்ப்பாய். ஒருக்களித்துப் போனால் பிடுங்கி மறுபடி அரம் போடுவாய்.

"நல்லாத்தானே போவுது, உட்றா."

"உனக்கு நல்லாக்கீது. கொடுவா இன்னா உன்னாட்டம் குருடா? ஒரு நூலு கோணினாலும் கண்டுக்கும்."

ஒரு நூல் கோணலைக் கண்டவனுக்கு அந்த சூப்பர்வைசரைத் தெரியவில்லையே!

தேய்க்கிற மிஷின் முன்னால் ஒரு கண்ணாடி இருந்தது. பேருக்குத்தான் கண்ணாடி, சுத்தியலால் அடித்தாலும் உடையாத பிளாஸ்டிக். சுற்றுகிற சாணைக்கல் உடைந்து தெறித்தால் தடுக்க வைத்தது. "இத்த வெச்சிக்கினு வேலை இழுக்குது. கழட்டுய்யா" என்றார் சூப்பர்வைசர். ஸ்பேனர் போட்டது நான். நாலு போல்ட்டு. தகட்டை உன்னிடம் நீட்டினார்.

"மீனுக்கு நாக்கு நாக்குன்னு அலைவியே, இந்தா. கடல்ல கீற மீனுக்கெல்லாம் வெய்யி."

பல்லெல்லாம் தெரிய, "தேங்க்ஸ் சார்" என்றாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். உன் முகத்துக்கு முன்னால் இருந்த காவலை எடுத்து உன் கையிலேயே கொடுக்கிறான், சிரித்துக்கொண்டு வாங்குவாயா?

எட்டாம் நாள் கல் வெடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நீ போய்விட்டாய்.

விசாரிக்க ஆள் வந்தபோது உன் பையைக் கவிழ்த்தார்கள். அறுத்து அரம் போட்ட பதினோரு நாக்கு விழுந்தது. "பாருங்க சார், மிஷின் கண்ணாடியத் திருடிக்கினு போயி மீன் பொம்மை செஞ்சிக்கிறான்" என்றார், கொடுத்த அதே ஆள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டினார். "நீ அன்னைக்கு டூட்டில இருந்தேன்னு எழுதிக்கீது, வேற ஒண்ணுமில்ல. ரேகை வெய்யி." வேலை போய்விடும் என்ற பயம். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. வைத்தேன்.

நீ திருடியதைக் கண்ணால் பார்த்தேன் என்று அதில் இருந்ததாம். உன் சம்சாரம் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். "அண்ணா, நீங்களா பாத்தீங்க?" என்றது தங்கச்சி. டூட்டிக்கு நேரமாகிறது என்று நடையைக் கட்டினேன். இத்தனை வருஷமாக அது பஸ் ஸ்டாண்டில் பூ கட்டி விற்கிறது. திருடன் பெண்டாட்டி என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நானும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். அந்தக் கோணலையும் நீ பார்த்திருப்பாய்.

நாளைக்கு மகள் இதைத் தங்கச்சி முன்னால் சத்தமாகப் படிப்பாள். நானும் நிற்பேன். ஆணியில் தொங்குகிற மீனையும் எடுத்துக்கொண்டு போவேன். அதன் நாக்கும் அந்தத் தகட்டில் அறுத்ததுதான். மூன்று தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டேன், இந்தத் தடவை ஏமாறவில்லை.

"நீ கழட்டினத எழுத வேணாம்பா" என்கிறாள் மகள்.

எழுது, தாயி. கொடுத்தவன் போய்விட்டான், வாங்கியவன் அப்போதே போனான். அந்த நாலு போல்ட்டு கழன்றதைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது கழற்றியவன் ஒருத்தன்தான். பேரைப் போடு, பக்கத்தில் ரேகை வைக்கிறேன்: முனுசாமி.