திருப்பி வைத்த அட்டை

தம்பி,

இன்றைக்குக் காலையில் வாசல் தெளிக்கப் போன எனக்குக் கை ஓடவில்லை. பேத்தி தன் காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்திருந்தாள். அதில் நாலைந்து சொட்டு கறுப்பு எண்ணெய். அந்தக் கருகின வாடை மூக்கில் ஏறியதும் நீங்க எதிரே வந்து நின்றுவிட்டீங்க. நீங்க போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப் போகிறது.

அட்டையின் ஓரத்தில் பேனாவால் அம்புக்குறி போட்டு, 'முன்பக்கம்' என்று எழுதியிருந்தாள். "இது எதுக்குட்டி?" என்றேன்.

"அட்டை திரும்பிட்டா ஒழுகுத இடம் மாறித் தெரியும்லா ஆச்சி."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

மூணாம் வகுப்போடு நின்றவள் நான். இதை எழுத்துக் கூட்டி எழுத மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் மறதி மட்டும் எனக்குக் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். நாம ஒரே வீட்டில் இருந்த காலத்தில், அந்தத் தை மாசம், பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் வைத்து நீங்க சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எங்க மதினி போடுத கோலத்தப் பாத்தா, கோழி கிளறிட்டுப் போயிருச்சுன்னுல்லா நினைப்பாவ!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தாலி கட்டின உங்க அண்ணனும் சிரித்தார். என் தங்கச்சி சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம், அண்ணனுடைய வாடகைக் காருக்கு அடியில் நீங்க தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுகிற பெரிய அட்டை ஒன்றை விரித்தீங்க. எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று பிடிபடவில்லை. வண்டியின் அடி முழுக்கப் பழைய எண்ணெயும் கரிசல் புழுதியும் களி மாதிரி அப்பிக் கிடந்தது. "சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலதான் ஒழுகும். காலையில நான் பாக்குத வரைக்கும் இதத் தொடாதிய மதினி" என்றீங்க. இந்த வேலையை மட்டும் ஒழுங்காக முடித்துவிட்டால், வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் உங்களுக்கு மெக்கானிக் ஷெட் போட்டுத் தருவதாக அண்ணன் சொல்லியிருந்தார். ஷெட்டுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று என்னிடம்கூடக் கேட்டீங்க.

விடியும் முன்னே எழுந்துவிட்டேன். கோழியா கிளறியது, காட்டுகிறேன் என்று பதினைந்து புள்ளி வைத்தேன். அவ்வளவு பெரிய கோலத்துக்கு வாசல் பற்றவில்லை. ஒரு பக்கம் காருக்கு அடியில் போனது. அட்டையை வெளியே இழுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தேன், கோலத்தைப் போட்டேன், அட்டையைத் திரும்பத் தள்ளினேன்.

தள்ளும்போதே பார்த்தேன் தம்பி. பின்னால் இருந்த சொட்டுகள் முன்னால் வந்திருந்தன. நேராக்கி வைக்க ஒரு நிமிசம் ஆகாது. கோழிக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நீங்க எழுந்து வந்து அட்டையைப் பார்த்தீங்க. முன்பக்கத்து ஆயில் சீல்தான் போய்விட்டது என்று, காலை முழுக்க மல்லாந்து கிடந்து அதை மாற்றினீங்க. காப்பி கொண்டுவந்து வைத்தேன். அட்டையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அண்ணன் புறப்பட்டார். கடம்பூர் போகும் வழியில், என்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற சம்புக்குப் பின்பக்கம் தளர்ந்து கசிந்துகொண்டிருந்த நட்டு கழன்று விழுந்து, எண்ணெய் மொத்தமும் கொட்டி, என்ஜின் இறுகிப் பிடித்து வண்டி நின்றுவிட்டது. சேலையும் சீர்த்தட்டுமாக அந்த ஜனம் வெயிலில் கரிசக்காட்டில் நின்றது.

"ஏலே, நீயெல்லாம் மெக்கானிக்கால? ஒழுகுத இடங்கூடத் தெரியல. ஷெட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. இனி என் வண்டியில கைய வைக்காத!"

திரும்பி வந்து அண்ணன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "இந்தா பாருங்கண்ணே, சொட்டு முன்னாலதான்" என்று அட்டையை எடுத்துவந்தீங்க. கையில் ஏதோ நெருடியிருக்க வேண்டும், புரட்டிப் பார்த்தீங்க. அடிப்பக்கம் ஈரத்தில் ஒட்டிய கோலப்பொடி, வெள்ளை வெளேரென்று.

என்னைப் பார்த்தீங்க. நான் குனிந்துகொண்டேன்.

அட்டையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எந் தப்புதாண்ணே, நான் சரியாப் பாக்கல" என்றீங்க.

அந்த வாரமே தூத்துக்குடிக்குப் போனீங்க. கடைசி வரைக்கும் அடுத்தவன் ஷெட்டில், லாரிக்கு அடியில்தான் கிடந்தீங்க. நல்லது கெட்டதுக்கு வரும்போதெல்லாம், "சொகமா இருக்கியளா மதினி?" என்பீங்க. ஒரு தடவையாவது குத்திக் காட்டியிருந்தால், பதிலுக்கு நாலு பேச்சுப் பேசி ஆறியிருப்பேன். அதற்கு இடம் கொடுக்கவில்லையே என்று உங்கள் மேலேயே கோபத்தை வளர்த்தேன். நீங்க பேசிய ஒரு சொல்லை இத்தனை வருசம் வைத்திருந்தவள், பேசாத சொல்லுக்கும் பகை வைத்தேன். நீங்க போன அன்றைக்குத் துஷ்டி வீட்டில் நான் அழுத அழுகையைப் பார்த்து, "கொழுந்தன் மேல மதினிக்கு எவ்வளவு பிரியம்" என்றார்கள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பேத்தி காருக்கு அடியில் புகுந்து, பழைய எண்ணெயைச் சட்டியில் இறக்கிவிட்டு, "நட்டுக்கு உள்ள வாசர் நைஞ்சு போச்சு ஆச்சி, அவ்வளவுதான்" என்று புதுசைப் போட்டு முறுக்கினாள். அதே இடம் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சின்னத் தாத்தா உங்ககிட்ட ஏன்னு கேக்கவே இல்லையா?"

"கேக்கல."

"நீங்களும் சொல்லலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் என்னைத் தேற்றவில்லை. எழுந்து போய்ப் புது அட்டையை விரித்து, அம்புக்குறி போட்டாள்.

அன்றைக்கு நான் போட்ட கோலம் கோழி கிளறினது மாதிரி இல்லை தம்பி. நீங்க அதைப் பார்த்திருக்க மாட்டீங்க, அட்டையைத்தான் பார்த்தீங்க. பதினைந்து புள்ளி, எட்டு வரைக்கும் ஊடுபுள்ளி, நாலு மூலைக்கும் தாமரை. கைக்கு ஒரு இழைகூட மறக்கவில்லை. அதற்கப்புறம் எந்த வாசலிலும் அதை நான் போட்டதில்லை.