சோக்கில் மாட்டிய தே

மச்சான்,

போன வாரம் மகள் புதுக் கார் எடுத்தாள். தஞ்சோங் மாலிமில் செய்தது. ஈப்போவில் விற்பனைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்து, முன்சீட்டுக்கு எதிரே இருந்த ஒரு சின்னக் கொக்கியைத் தட்டினார். பையில் கட்டிய தேநீரை, நம் தே பொட்டலத்தை, மாட்டுவதற்காம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கிவிட்டது. விலையைக் கேட்டுத்தான் அப்பா அழுகிறார் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

உன் கொக்கியை யாரோ திருடிவிட்டார்கள் மச்சான்.

எழுபதுகளின் கடைசி. கோப்பெங்கைத் தாண்டி நம் ரப்பர் தோட்டம், அதில் அடுத்தடுத்த வீடு நமக்கு. நீ ரப்பர் பால் லோரி ஓட்டினாய். நான் ஈப்போவில் ஓர் இரும்புக்கடையில் ஆணியும் கம்பியும் நிறுத்துப் போடுகிறவன். ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கினேன் என்றால் அது பெருமைக்கு அல்ல, உனக்குத் தெரியும். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக என் மனைவி உண்டாகியிருந்தாள். வலி கண்டதும் தாமதிக்காமல் ஈப்போவுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடியற்காலையில் வலி எடுத்தால் தோட்டத்தில் வேறு வழியில்லை. உன் லோரி நிர்வாகத்தின் கொட்டகையில் பூட்டிக் கிடக்கும்.

அந்தக் காரோ சரியாக விடியற்காலையில்தான் அடம் பிடித்தது. மழை பெய்த காலைகளில் இன்னும் மோசம். சாவியைத் திருப்பினால் இருமும், உதறும், ஒரு கால் நொண்டும் மாடு மாதிரி மூன்று சிலிண்டரில் தத்திவிட்டு அணைந்துபோகும். உள்ளே வீட்டில் அவள் வயிற்றைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நீ கைலியோடு, டார்ச் லைட்டோடு வருவாய். பேட்டரி நன்றாகச் சுழற்றுகிறது என்றாய். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ஈரம் துடைத்தாய். கடைசியில் பிளக்குகளைக் கழற்றினாய். நான்கும் அடுப்புக்கரி. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "எண்ணெப் பிசுக்கு இல்ல மச்சான், காஞ்ச கரி. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. பெட்ரோல்தான் கூடிப்போவுது" என்றாய். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டியதும் வண்டி பூனையாய் உறுமியது. மூன்றே நாளில் மறுபடியும் கரி. கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்துப் பூட்டினாய். என் பங்குக்கு நான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், பூசணிக்காயும் உடைத்தேன். கார்புரேட்டர் திறந்து கிடக்கிறது, கொஞ்சம் தள்ளி உடை என்று மட்டும் சொன்னாய்.

இத்தனைக்கும் நீ ஒரு காசு வாங்கமாட்டாய். அதனால் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து காரில் திரும்பும்போது கோப்பெங் பாய் கடையில் உனக்கு ஒரு தே, பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டி வாங்கி வந்தேன். என் நன்றிக்கடன் அது.

ஹரி ராயா பெருநாளுக்குப் பாய் கடையை ஒரு வாரம் மூடினார். அந்த வாரம் முழுக்கக் கார் ஒரே திருப்பில் கிளம்பியது. பூசணிக்காய் வேலை செய்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நீ தலையைச் சொறிந்தாய். கடை திறந்த அன்று பஸ் பிடித்துக் கோப்பெங்குக்கு வந்து என்னோடு ஏறிக்கொண்டாய்.

வழக்கம்போல நான் தேயை வாங்கி மாட்டினேன். தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி குதிக்கக் குதிக்கப் பை ஆடியது. ஒரு மைல் தூரம் நீ அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

"இத எதுல மாட்டியிருக்க?"

"சோக்குலதான்."

"ஏண்டா?"

"காலையில மட்டும்தான அதுக்கு வேல. சாயங்காலம் சும்மாத்தான இருக்குலா."

நீ குனிந்து காட்டினாய். ஒவ்வொரு குதிப்புக்கும் தேயின் கனத்தில் சோக்குக் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற குமிழ், சூடான எஞ்சினுக்கும் தினம் தினம் ஊட்டிக்கொண்டிருந்தது. அதில் படிந்த கரிதான் மறுநாள் காலையில் வண்டியை உதறவைத்தது. காலையில் எப்படியும் அதை இழுக்கத்தானே போகிறேன், முதல் நாள் சாயங்காலமே வெளியே வந்து நிற்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? பையைக் கழற்றிக் குமிழை உள்ளே தள்ளினாய். எஞ்சின் குரலே மாறியது.

"எனக்கு வாங்குற தேதான்டா ஒன் வண்டியக் கெடுக்குது."

இனிமேல் வாங்கவில்லை என்றேன். நீ பையில் பாதியை உறிஞ்சி முடித்துவிட்டுச் சொன்னாய்: "தேய நிறுத்திராத மச்சான். மாட்டுற எடத்த மாத்து."

மறுநாள் ரப்பர் மரத்தில் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் தாங்குகிற பழைய கம்பி ஒன்றைக் கொக்கியாய் வளைத்து, டாஷ்போர்டுக்குக் கீழே முடுக்கிக் கொடுத்தாய்.

இரண்டு மாதம் கழித்து, கொட்டுகிற மழையில், விடியுமுன் அவளுக்கு வலி எடுத்தது. ஒரே திருப்பு. பிடித்துக்கொண்டது. நான் அந்த ஆச்சரியத்தில் வண்டியை விட்டிறங்கி, உன் வாசலில் நின்று, நாலு சிலிண்டரும் ஓடுகிறது கேட்டாயா என்று கூவினேன். பின்சீட்டிலிருந்து அவள், "வண்டிய அப்புறம் கொஞ்சலாம், மொதல்ல ஏறுங்க" என்றாள். நீதான் என் பிடரியைப் பிடித்து உள்ளே தள்ளினாய். வண்டி நகர நகரச் சேற்றில் கூடவே ஓடிவந்து ஜன்னலில் சொன்னாய்: "சூடானதும் சோக்க உள்ள தள்ளு."

அன்று பிறந்தவள்தான் இப்போது கார் எடுத்தவள்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். வீட்டில் யாராவது அந்தக் காரைப் போல உதறினால், நான் எதை எங்கே மாட்டிவைத்தேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் கோளாறு நான்தான். மகளுக்குத் தினமும் காலையில் அவள் வேலைக்கு ஓடும் நேரத்தில் போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பேன், சீறுவாள். இப்போது அதையே சாயங்காலம் கேட்கிறேன். அவளே பத்து நிமிடம் பேசுகிறாள். தேயை நிறுத்தவில்லை மச்சான்.

புதுக் காரில் திரும்பும்போது கோப்பெங்கில் நிறுத்தச் சொல்லி ஒரு தே வாங்கினேன். மகள் கொக்கியைக் காட்டினாள். மாட்டினேன். ஒரு மைல் போனதும் என் விரல் தானாகவே டாஷ்போர்டில் தடவித் தேடியது, எதையோ உள்ளே தள்ளுவதற்கு.