கும்போ ராஜா இல்லாத மருதாணி இரவு

அன்பு மகள் ரிஃபானாவுக்கு, ராயபுரத்திலிருந்து அம்மாவின் ஸலாம். இங்கே நானும் உன் அத்தாவும் சுகம், புனேயில் நீயும், ஆப்பிரிக்காவிலிருந்து அத்தனை தூரம் படிக்க வந்திருக்கிற உன் அறைத்தோழி நீமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். அத்தாவுக்கு எண்ணூர் துறைமுகத்தில் வேலை அதிகம், அந்தத் தூசியில் இருமல் விடமாட்டேன் என்கிறது, முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்வருகிறார். மேல்வீட்டு டோரதி அக்கா மகனைப் பார்க்கப் புனேவுக்கு ரயில் ஏறுகிறார்கள். போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் அவர்கள் கையில் இந்தக் கடிதம். கூடவே முறுக்கு டப்பா, நீமாவுக்காகக் காரம் குறைத்துச் சுட்டது.

தவ்ஃபீக் மாமா கல்யாணத்துக்கு நீயும் நீமாவும் வரப்போவதில்லை என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வீட்டுக்கே பிடித்த படம் என்று நீ ஆசையாக அந்தக் காமெடிப் படத்தை நீமாவுக்குப் போட்டுக் காட்டியதும், அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்ததும், அதில் கும்போ ராஜா காட்சி வந்ததும் துணி துவைக்க வேண்டும் என்று எழுந்து போனதும், நீ சொல்லும்போது எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஒரு படத்துக்காகவா மாமா கல்யாணத்துக்கு வராமல் இருப்பாய் என்று கேட்டேன். படத்துக்காக இல்லம்மா, மருதாணி இரவுக்கு மொஹ்சின் மாமா அதையே ஆடுவாரே, அவளை எங்கே உட்கார வைப்பேன் என்றாய். அப்புறம் ஒன்று சொன்னாய், உன்னை வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நீமா கேட்டாள், நான் சொல்லவில்லை என்று. போனை வைத்தபிறகும் அது காதிலேயே நின்றது.

அத்தாவுக்கு லீவு வந்த அன்று மத்தியானம் அந்தப் படத்தைப் போட்டேன். ஒவ்வொரு வசனமும் எனக்கு மனப்பாடம், சின்ன வயதில் கேபிளில் எத்தனை தடவை பார்த்திருப்போம், அத்தா வழக்கம்போல வசனம் வரும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஹார்பரில் காமெடியன் நிலக்கரிக் குவியலில் கையை விட்டு முகமெல்லாம் பூசிக்கொண்டு ஆப்பிரிக்காவின் கும்போ ராஜா நான்தான் என்று பணக்காரரை ஏமாற்றப் போவான் இல்லையா, தழைப் பாவாடை, கழுத்தில் எலும்பு, பச்சைக் கறி, பார்த்ததும் கதாநாயகி மயங்கி விழுவாள். இந்த முறை எனக்கு அவன் பின்னால் நிற்கிறவர் கண்ணில் பட்டார். விசிறியைப் பிடித்துக்கொண்டு நிஜமான ஆப்பிரிக்கர் ஒருவர் நிற்கிறார் ரிஃபானா. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. நாம் சிரிப்பதற்காக மட்டும் கேமரா ரெண்டு தடவை அவர் முகத்துக்குப் போகிறது. நிறுத்திப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எந்தக் கப்பலில் வந்தவரோ, இந்தப் படத்தைத் தன் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பாரா என்று தோன்றியது. அத்தாகிட்டே கேட்டேன், அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்த ஆளை நான் கவனிச்சதே இல்லையே ஜஸீமா என்றார், அப்புறம் சிரிக்கவில்லை.

மறுநாளே மொஹ்சின் மாமாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். நம் வீட்டில் எந்தக் கல்யாணம் ஆனாலும் மருதாணி இரவுக்கு அவன் கும்போ ராஜா ஆடாமல் இருந்ததில்லை, அந்தக் காலத்தில் மொட்டைமாடிச் சுவரில் விரலால் தேய்த்தாலே போதும், ஹார்பர் கரித்தூள் வேண்டிய அளவு வரும், இப்போது தவாவின் அடிக்கரி. இந்தத் தடவை அது வேண்டாம்டா என்றேன். "இன்னாக்கா, நீயே இப்டி பேஜாரு பண்ற? சும்மா ஜாலிக்கு ஆடறது. அந்தப் பொண்ணயா நான் கிண்டல் பண்றேன்? அதுவும் சேந்து சிரிச்சிகினு பூடும்" என்றான். அதே படத்தில் நம்ம பாஷை பேசுகிற கூலிக்காரனை வாயைத் திறக்கும்போதெல்லாம் அறைகிறார்களே, அதற்கு நீ சிரிப்பாயா என்றேன். வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான். கம்பெனியில் அந்த மேனேஜர் எல்லார் முன்னாலும், உங்க ஏரியா பாஷையில் ஏதாவது பேசிக் காட்டு என்று சொன்ன அன்றைக்கு நீ சாப்பிடாமல் படுத்தாயே, அவரும் ஜாலிக்குத்தானே கேட்டார் என்றேன். "அத்த இன்னாத்துக்கு இப்ப இழுக்கற? அது வேற, இது வேற" என்று டீயைக்கூடத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்னும் என்னோடு பேசவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, நான் தூக்கி வளர்த்த தம்பி. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மாப்பிள்ளை தவ்ஃபீக்கிடமும் சொல்லிவிட்டேன், அவன், சின்னண்ணன் இல்லாம களையே இருக்காதேக்கா என்று இழுத்தான், அண்ணன் வரட்டும், கரிதான் வேண்டாம் என்றேன். ஸ்பீக்கர் செட் குமாரவேலிடம் நேரே போய் அந்தக் கும்போ ராஜா பாட்டை என் கண்ணெதிரிலேயே அழிக்கச் சொன்னேன். "அந்தப் பாட்டு இல்லாத உங்க வூட்டுக் கல்யாணமா? ஜனம் என்ன ஒதைக்கும்க்கா" என்றான். உதைக்க வந்தால் என்னிடம் அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். இதையெல்லாம் மீறி யாராவது அன்றைக்கு முகத்தில் கரியோடு வந்து நின்றால், பாதியில் போய் ஸ்பீக்கரை நிறுத்தப் போவது நான்தான், சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தாலும் சரி.

இன்னொன்று. நீ பிறந்த நிறத்தைப் பார்த்து மொஹ்சின் மாமா விளையாட்டாக வைத்த பேர், கும்போ, வீடு முழுக்க ஒட்டிக்கொண்டது, நானும் பள்ளிக்கூட வாசலில் நின்று அப்படித்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். என் போனில் உன் பேரை ரிஃபானா என்று மாற்றிவிட்டேன், அத்தா போனிலும் நானே மாற்றினேன். நீமா மறுபடி கேட்டால் மறைக்காதே, இருந்த பேரைச் சொல், அதை அம்மா நிறுத்திவிட்டாள் என்றும் சொல். அவள் வருவதும் வராததும் அவள் இஷ்டம், வற்புறுத்தாதே. ஆனால் நம் வீட்டில் அவள் விசிறி பிடித்தவர் மாதிரி ஓரமாக நிற்க வேண்டி வராது, அதற்கு நான் பொறுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி லைப்ரரியிலிருந்து தனியாக நடந்து வராதே. அல்லாஹ் உங்கள் ரெண்டு பேர் படிப்பிலும் பரக்கத் செய்யட்டும். உன் சித்தி பெண்களுக்கு எடுத்த பச்சைத் துணியிலேயே உனக்கும் நீமாவுக்கும் சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன், தையல்காரர் அவசரப்படுத்துகிறார். டோரதி அக்கா திரும்பி வரும்போது நீமாவுடைய சுடிதார் ஒன்றை அளவுக்குக் கொடுத்தனுப்பு. அது வந்தால் நீங்கள் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். வராவிட்டாலும் அந்தத் துணியை வேறு யாருக்கும் வெட்ட விடமாட்டேன்.

ரிஃபானாவின் அம்மா,
ஜஸீமா