தாமதவல்லியின் வாக்குமூலம்

7, திங்கள்

பனி. திண்டிவனத்தில் பாசஞ்சர் இருபது நிமிடம் லேட், எனவே நானும். விழுப்புரத்தில் பல்கலைக்கழக கேட்டில் லேட் நோட்டு. எழுதியது:

பெயர்: தாமதவல்லி
துறை: தூக்கவியல்
காரணம்: ரயில் என்னைவிடச் சோம்பேறி

கேட் செக்யூரிட்டி ஸ்டெல்லா அக்கா எட்டிப் படித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடையாள அட்டையோடு பெயரைச் சரிபார்ப்பது அவர் வேலை. பார்க்கவில்லை. "உள்ள போ வாலு, ஜல்தி."

மாலை ரயிலில் அவரும். அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்) கொடுத்தார். ஒரே மகள், பத்தாவது. இரண்டு வருடம் சென்னையில் ஒரு குடோனில் காவல் இருந்து, கெஞ்சிக் கூத்தாடி இந்த கேட்டுக்கு வந்தாராம். இப்போதுதான் தினமும் மகள் முகத்தைப் பார்க்கிறாராம்.

வாங்க: ஹேர்கிளிப், கிராஃப் தாள், புத்தி (ஸ்டாக் இல்லை).

8, செவ்வாய்

பனி இல்லை. குளிர் மட்டும். பாதுகாப்பு அலுவலர் (இனி பா.அ.) கேட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினார். தாமதவல்லியில் நின்றுவிட்டார். வரிசையில் நான் நாலாவது.

யார் எழுதியது என்று அக்காவைக் கேட்டார்.

"தெரியல சார். கும்பலா இருந்துச்சு, கவனிக்கல."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. இனி ஒவ்வொரு அட்டையையும் பார்க்க வேண்டும் என்று பா.அ. அவரைத் திட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், முடிந்தது.

எனக்குத்தான் முடியவில்லை. ரெக்கார்டில் ஒரு படம்கூட வரையவில்லை. ஊரையே கலாய்க்கிற வாய், கேட்டில் மட்டும் பூட்டு.

9, புதன்

பா.அ. அறைக்குப் போய், நான்தான் சார் என்றேன். நல்ல பிள்ளை ஆகிவிட்ட பெருமை. ஒன்றரை நிமிடம். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டார். அக்கா ரொம்ப நல்லவங்க சார், படித்துவிட்டுச் சிரித்தார்கள், உள்ளே விட்டார்கள் என்று சிபாரிசு வேறு.

அக்காவைக் கூப்பிட்டார்.

"நேத்து தெரியாதுன்னீங்களே?"

பா.அ. என் பக்கம் திரும்பினார்.

"நோட்டுல கிறுக்கனது சின்ன விஷயம்மா. தெரிஞ்சிக்கினே பொய் சொன்னவங்கள எப்படி கேட்ல நிக்க வைக்கறது?"

எனக்கு எச்சரிக்கை. அக்காவின் காண்ட்ராக்டருக்கு போன். நான் சொன்னதெல்லாம் பொய் சார் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் முறையாக யாரும் என் பொய்யை நம்பவில்லை.

10, வியாழன்

மறுபடி பனி. கேட்டில் வேறு ஆள்.

மாலை ரயிலில் அக்கா. சீருடையை ஒப்படைக்க வந்தாராம். ஞாயிறிலிருந்து திரும்ப அதே குடோன், அங்கேயே தங்கல். மகளைத் தங்கை வீட்டில் விட வேண்டும். பரீட்சைக்கு இரண்டு மாதம்.

மன்னிப்புக் கேட்க ஆறு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். 'அக்கா' மட்டும் வந்தது.

"நீ நல்லதுன்னு நெனச்சிக்கினுதான் போன, தெரியும் பாப்பா. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு போயிருக்கலாம்."

மயிலத்தில் இறங்கினார். பிளாட்பாரத்தில் மகள். அம்மாவின் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி நடந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை போல.