முன்சக்கரம் இழுக்காத வண்டி

இன்று காலை வாழைத்தார் ஏற்றிய ஒரு சின்ன வண்டி மழைக்கு ஒதுங்கி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் இறங்கித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். டீசல் வாசனையும் நனைந்த வாழைச்சருகின் வாசனையும் சேர்ந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. அடுப்பில் பால் வைத்திருந்ததை மறந்துபோனேன். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நீ என் கண்ணுக்குள் வந்துவிட்டாய்.

நீ கண்மூடிய பிறகு வருகிற முதல் மழைக்காலம் இது.

பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் நாம் ஒரே அறை. படிப்பு முடிந்து நான் இங்கேயே டீச்சர் ஆனேன். நீ களக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உன் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார். நீதான் தூக்கி, துடைத்து, ஊட்டிப் பார்த்துக்கொண்டாய். அவரும் போனபிறகு, மலையடிவாரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏத்தன் வாழைத் தோட்டமும் நீயும்தான் மிச்சம். பிள்ளை இல்லை. மதுரையிலிருந்து உன் அண்ணன் வந்து, மாடியில் ஓர் அறை ஒதுக்கிவைத்திருப்பதாகச் சொன்னார். நீ போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த ஓடைதான் உன் பிரச்சினை. கோடையில் அதில் கால் நனைவதே அரிது. ஐப்பசி பிறந்துவிட்டால் லாரிக்காரன் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். உன் கொழுந்தனின் டிராக்டர் ஒன்றுதான் அதில் இறங்கி ஏறும். நீ தனியாகப் பயிர் பார்த்த முதல் வருஷம், காற்றில் வாழை மொத்தமாகச் சாய்ந்தது. சாய்ந்த தாரை உடனே வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனால்தான் காசு. டிராக்டர் அவருடைய தார்களை ஏற்றி முடித்துவிட்டு உன் தோட்டத்துக்கு வந்தபோது, பாதிக்கு மேல் கறுத்துவிட்டது.

"உங்களுக்கு இது ஆகாது மைனி. தோட்டத்த எங்கிட்ட குத்தகைக்கு விட்டுட்டு, மருதைக்குப் போயி நிம்மதியா இருங்க" என்றார் கொழுந்தன். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. உனக்கும் அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் வள்ளியூரில் ஒரு வண்டி விலைக்கு நிற்பதாக யாரோ சொன்னார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். பின்னால் சரக்கு ஏற்றத் தட்டு வைத்தது. ஒரு சனிக்கிழமை என்னையும் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாய்.

வேப்பமரத்தடியில் நின்றது அது. ஒரு பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே காலுக்குக் கீழே தகரம் துருப்பிடித்து, ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. வண்டிக்காரர் வயதான அண்ணாச்சி. கல் குவாரிக்கு ஓட்டிய வண்டியாம்.

"பொய் சொல்லி விக்க மாட்டேன் தாயி. முன்சக்கரத்துக்கு இழுவை போகல. பின்சக்கரம் மட்டுந்தான் இழுக்கு. அதச் சரி பண்ணாம ஓடையில இறக்குனியன்னா அங்கனயே நின்னுக்கிடும்" என்றார்.

நீ ஏறி உட்கார்ந்தாய். கால் கிளச்சுக்கு எட்டவில்லை. என் கைப்பையை வாங்கி முதுகுக்கு அணைகொடுத்துக்கொண்டு மறுபடி மிதித்துப் பார்த்தாய்.

"ஓட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இன்னும் தெரியாது அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு உனக்குக் காட்டச் சொன்னார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சரிபண்ணலாம், சாமான் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும், மழைக்கு முன்னால் முடியுமா என்று சொல்ல முடியாது என்றார். நீ யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாய்.

பஸ்ஸில் என்னைக் கேட்டாய், "நீ என்னட்டி சொல்லுத?"

"வேண்டாம்னுதான் தோணுது. அத வண்டின்னா சொல்லுதே? சீக்காளி மாதிரில்லா நிக்கி."

"சீக்காளியப் பாத்துப் பாத்துப் பழகுனவதான நான்" என்றாய். வெளியே காற்றில் உடைமரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. நாங்குநேரி தாண்டியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய், "அத வாங்கிட்டேன்னா இங்கனயே இருக்கேன்னு ஆயிரும். அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போறதுக்கு ஒரு சாக்கும் கெடையாது. அதான் யோசிக்கேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் துருப்பிடித்த தகரத்தையா நான் இவ்வளவு நேரம் எடைபோட்டுக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் கொழுந்தனையே கூட்டிக்கொண்டு போனாய். நானும் வந்தேன். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். டயரை எத்தினார், இன்ஜின் மூடியைத் திறந்து மூடினார்.

"வேண்டாம் மைனி. இது உங்க உயிர வாங்கும்."

"சரி, வேண்டாம்" என்றாய். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன் தம்பி. மறுபடியும் காத்தடிச்சா, உன் டிராக்டர் முதல்ல என் தோட்டத்துக்கு வருமா?"

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். 'வரும்' என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ நம்பியும் இருப்பாய்.

"வராது மைனி" என்றார். "என் வாழையும் கீழதான கெடக்கும். எனக்கும் புள்ளைய இருக்கு."

நீ தலையை ஆட்டினாய். கோபமே இல்லை உன் முகத்தில். நேராக அண்ணாச்சியிடம் போய், "வண்டிய நான் எடுத்துக்கிடுதேன்" என்றாய்.

ஒர்க்‌ஷாப்பில் அந்த வண்டி கிடந்த கிடையை நீ மறந்திருக்கமாட்டாய். சாமான் வந்தது, தப்பான சாமான். திருப்பி அனுப்பி வேறு வந்தது. அதற்குள் நீ ஓட்டப் பழகியாகவேண்டும். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வேண்டாம் என்று சொன்ன அதே கொழுந்தன்தான். தண்ணீர் வற்றிய குளத்துக்குள் டிராக்டரில் உன்னை உட்காரவைத்து, பக்கத்தில் நடந்துகொண்டே, "பைய மைனி, பைய" என்று கத்தி அவர் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு வண்டி வந்ததும் அதிலும் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். கரையில் நின்ற எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மழை பிந்தித்தான் வந்தது. வந்தபோது காற்றோடு வந்து வாழையைச் சாய்த்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். நான் முதல் பஸ்ஸில் களக்காட்டுக்கு வந்தேன். நீ ஓடைக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ கியருக்குப் பக்கத்திலிருந்த குட்டி லிவரைப் பின்னால் இழுத்தாய். முன்சக்கரங்கள் பிடித்தன. தகர ஓட்டை வழியாகத் தண்ணீர் நம் கால்களில் பீச்சியடித்தது. நான் கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கந்தசஷ்டி விரதம் இருப்பதாக நேர்ந்துகொண்டேன். வண்டி முக்கி முனகிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறிவிட்டது.

உன் தார்களை எல்லாம் கரைசேர்த்த பிறகுதான் தெரிந்தது, கொழுந்தனின் டிராக்டர் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது என்று. நீ ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு அவர் தோட்டத்துக்கு வண்டியைத் திருப்பினாய். அவர் நனைந்தபடி நின்றிருந்தார். உன் வண்டியைக் கண்டதும் தாரைத் தூக்கித் தட்டில் வைக்க ஆரம்பித்தார்.

அதன்பிறகு நீ மதுரைப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த வண்டி உன்னைப் படுத்தியது கொஞ்சநஞ்சம் இல்லை. ஒருதடவை நடு ஓடையில் நின்று, ஆள் வந்து இழுக்கும்வரை நீ தட்டில் ஏறி உட்கார்ந்து இருந்தாய். ரேடியேட்டர், பிரேக், மறுபடி ரேடியேட்டர். ஓடைக்குப் பாலம் போட்ட பிறகுதான் அதை விற்றாய். தோட்டத்தை மட்டும் கடைசிவரை வைத்திருந்தாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த ஒரு மத்தியானம், ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். "அந்த ஓடையில இறங்கும்போது உனக்குப் பயமே இல்லையாளா?"

"இல்லாமலா?" என்றாய். குரல் மெலிந்திருந்தது. "கடைசியா ஓட்டுன அன்னைக்கும் பயந்தான். பயம் போகட்டும், அப்புறம் வாங்கிக்கிடுவோம்னு இருந்திருந்தேன்னா, இன்னும் வள்ளியூர்லதான் நின்னுட்டு இருப்பேன்."

என் முழங்கால் உனக்குத் தெரியும். டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லி எத்தனையோ நாளாயிற்று. பயம் தெளியட்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் போய்த் தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. துணிமணிகளைப் பையில் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறேன்.