எட்னா குடிக்கப்போகும் பீர்

அன்புள்ள பேத்தி டெஸ்ஸுக்கு, பாட்டி மெர்ல் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. டாஸ்மேனியாவில் குளிர் இன்னும் விடவில்லை. அங்கே டார்வினில் நீங்கள் வெந்துகொண்டிருப்பீர்கள்.

உன் கடிதமும் விமான டிக்கெட்டும் வந்தன. கல்யாண விருந்துக்கு உன் கையாலேயே பீர் காய்ச்சப்போகிறாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. அடுத்த வரியிலேயே மாப்பிள்ளையின் பாட்டி, என் பக்கத்து வீட்டு எட்னாவும் வருகிறாள் என்று எழுதிக் கெடுத்துவிட்டாய். அவள் வந்தால் நான் வரமாட்டேன் என்று நிச்சயதார்த்தத்தன்றே சொன்னேன். நீ என்னவோ கேட்காமலே டிக்கெட் எடுத்திருக்கிறாய்.

சரி, பாகு அடிப்பிடிக்காமல் காய்ச்சுவது எப்படி என்று கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். வாற்கோதுமையில் எடுத்த அந்த மால்ட் பாகு டப்பாவை முதலில் வெந்நீரில் நிறுத்து, இளகி ஒழுகும். பானையில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணை. உன்னுடையது மின்சார அடுப்பு, அணைத்த பிறகும் கம்பிச்சுருள் கனன்றுகொண்டே இருக்கும். அதனால் பானையை இறக்கி மரப்பலகைமேல் வை. நீ ஊற்று, மாப்பிள்ளை லாக்லன் கிண்டட்டும். பாகு கனமானது, நேரே அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கரண்டியால் அடியைத் தடவிப் பார். வழுக்கிக்கொண்டு போகவேண்டும். இழுத்தால் இன்னும் கரையவில்லை. முழுக்கக் கரைந்த பிறகுதான் மறுபடி அடுப்பில் ஏற்றவேண்டும். அதுவரை யார் கூப்பிட்டாலும் திரும்பாதே.

உன் அப்பாவுக்குப் பால்பல் விழுந்த வருஷம், ஊர்க் கண்காட்சிப் போட்டிக்கு நான் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பாகை ஊற்றும் நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்னா, "ஏய் மெர்ல், இங்க வாயேன், தபால்காரன் பொண்டாட்டி சேதி கேட்டியா?" என்று கூப்பிட்டாள். போனேன். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது, பாகு அடிப்பிடித்துவிட்டது. தப்பு யாருடையது, நீயே சொல். போட்டியன்று நடுவராக வந்து உட்கார்ந்ததும் அவள்தான்! பச்சைப் பொத்தான் வைத்த சட்டை போட்டிருந்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "என்னடி இது, ரப்பர் பூட்ஸ வேகவச்ச தண்ணியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். உன் தாத்தா கிளைவ் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டில்களையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிவந்து, அந்தக் குளிர்காலம் முழுக்க அதையே குடித்தார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

நேற்று எட்னா வேலியோரம் வந்தாள். "பேத்திக்கு அடுப்ப அணைக்கச் சொல்லிக் குடுத்தியா, இல்ல நான் துப்புறதுக்கு வாளி எடுத்துட்டுப் போகவா?" என்றாள். "வாளி எதுக்கு? உன் வாயே போதும், அம்புட்டுப் பெருசு" என்றேன். சிரித்தாள். சிரித்து முடித்ததும், தனியாக விமானம் ஏறப் பயமாக இருக்கிறது, நீயும் வாயேன் என்று வேலியைப் பார்த்துச் சொன்னாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் பக்கத்து இருக்கையையே எனக்குப் போட்டிருக்கிறாய், கள்ளி. ஜன்னலோரம் எனக்கு மாற்றிக் கொடு, அவளுக்கு நடு இருக்கை போதும். நான் வருவதை அவளிடம் சொல்லாதே. விமான நிலையம்வரை பயந்துகொண்டே வரட்டும்.

கண்ணு, எவ்வளவு கவனமாக இருந்தும் அடிப்பிடித்துவிட்டால் அழாதே. கொட்டவும் கொட்டாதே. முதல் கோப்பையை என் கையில் கொடு. எட்னாவின் கண்ணெதிரே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னொன்று கேட்பேன்.

இருவரும் நீண்டநாள் நன்றாக இருங்கள்.

பாசமுள்ள பாட்டி,
மெர்ல்